சங்க அலுவலக டெலிபோனை நிறுத்தலும் மீண்டும் இயக்கலும்

நெசவாளர் ஒருவர் தறியை விட்டு எழும்பொழுது நாடாவைப் பாவின் நடுவே விட்டுவிட்டு எழுவதில்லை. நாடாவைப் பெட்டியில் சேர்த்து, துணி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டே எழுகிறார். கிணற்றடியில் மோட்டார் வைத்திருக்கும் விவசாயியும், போன மின்சாரம் திரும்பி வந்த அக்கணமே ஸ்டார்ட்டரை அழுத்துவதில்லை. மூன்று பேஸும் சரியாக வந்துள்ளனவா என்று பார்த்து, சற்றுப் பொறுத்தே அழுத்துகிறார். நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு, தொடங்குவதற்கும் ஒரு முறை உண்டு என்பதை நம் அங்கத்தினர்கள் தங்கள் தொழிலிலேயே நன்கறிவர். ஆயினும், நம் சங்க அலுவலகத்தின் சுவரில் மாட்டியுள்ள டெலிபோன் யந்திரத்தின் விஷயத்தில் இம்முறையை நாம் மறந்துவிடுகிறோம்.

நாம் அறிந்த ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவோம். மாதாந்திரப் பராமரிப்பு வேலைக்காக ஒரு நாள் காலை 9 மணி முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்திருந்தது. அன்று யந்திரத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. பாட்டரி சிறிது நேரம் தாங்கிற்று. பிறகு யந்திரம் தானே அணைந்தது. மாலையில் மின்சாரம் வந்தது. மேசைமீதிருந்த டெலிபோனை எடுத்தால் ஒலி கேட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி யாவரும் வீடு திரும்பினர். ஆனால் யந்திரத்தின் உட்கடிகாரம் தவறிவிட்டது. பகலை அது இரவென்று எண்ணிற்று. மறுநாள் முதல் வெளியிலிருந்து அழைத்தவர்களுக்கெல்லாம், அலுவலகம் மூடப்பட்டுள்ளது என்ற பதிவுக் குரலே பதிலாகக் கிடைத்தது. பாவு நூல் வந்துவிட்டதா என்று கேட்க முயன்ற நெசவாளர்கள், பதில் கிடைக்காமல் தறியைச் சும்மா வைத்திருந்தனர். மூன்றாம் நாள் ஒருவர் பேருந்தேறி நேரில் வந்து, "பட்டப்பகலில் ஆபீஸ் மூடியிருக்கிறது என்று டெலிபோன் சொல்கிறதே, ஐயா!" என்று கேட்ட பிறகே விஷயம் வெளிப்பட்டது. நூலோ இரண்டு நாட்களாகக் கிடங்கிலேயே இருந்தது. யந்திரத்துக்கு ஒரு பழுதும் இல்லை. நெசவாளருக்கு மட்டும் இரண்டு நாள் கூலி போயிற்று.

இத்தகைய நஷ்டம் நம் சங்கங்களில் நேராதிருக்க, யந்திரத்தை ஒழுங்காக நிறுத்தவும் மீண்டும் இயக்கவும் அறிந்துகொள்வது அவசியம். அதற்கு முதலில் அதன் உறுப்புகளை அறிதல் வேண்டும்.

யந்திரமும் அதன் உறுப்புகளும்

இந்த யந்திரத்துக்கு இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று பெயர். இண்டர்காம் பெட்டி என்றே அலுவலகங்களில் வழங்குவர். வெளியிலிருந்து வரும் இரண்டு மூன்று இணைப்புகளை உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து டெலிபோன்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் சிறு எக்ஸ்சேஞ்சு இது. 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டபொழுது, பலகையின் முன் ஒருவர் அமர்ந்து கையினாலேயே இணைப்புக் கொடுத்தார். எந்தக் கம்பி யாருடையது என்பதை அவர் தம் நினைவில் வைத்திருந்தார். இன்று அந்த நினைவு யந்திரத்துக்குள் இருக்கிறது. நூல் கிடங்குக்கு எந்த எண், காரியதரிசிக்கு எந்த எண், அலுவலக நேரம் முடிந்தபின் அழைப்பு எங்கே செல்ல வேண்டும் என்பனவெல்லாம் அதனுள் பதிவாகியுள்ளன. அந்த நினைவைக் காப்பாற்றுவதே இப்பாடத்தின் கருத்து.

யந்திரத்தின் முக்கிய உறுப்புகள் ஐந்து.

முதலாவது, மின்சாரப் பகுதி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைந்த அளவுள்ள நேர்மின்சாரமாக இது மாற்றித் தருகிறது.

இரண்டாவது, பாட்டரி. டெலிபோன் துறையில் 48 வோல்ட் என்பது நெடுங்கால வழக்கம். 12 வோல்ட் பாட்டரிகள் நான்கை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கும். சிறிய யந்திரங்கள் இதனினும் குறைந்த வோல்ட்டில் இயங்குவதுண்டு.

மூன்றாவது, உள்ளே செருகியிருக்கும் அட்டைகள். நினைவும் கடிகாரமும் இவற்றில்தான் உள்ளன. பல யந்திரங்களில் கடிகாரம் நிற்காமலிருக்க நாணயம்போன்ற 3 வோல்ட் சிறு பாட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால், வெளி மின்சாரம் உள்ளவரை ஒன்றும் தெரியாது. மின்சாரம் நின்று திரும்பிய பிறகே குறை தெரியும். மேலே கூறிய சங்கத்தில் நேர்ந்தது இதுவே.

நான்காவது, வயர்ப் பெட்டி. வெளிக்கம்பிகளும் உட்கம்பிகளும் சந்திக்கும் இடம் இது. பாவிழைகளை விழுதிலும் அச்சிலும் முறைப்படி கோப்பதுபோல, ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் தனக்குரிய இடத்தில் இருக்க வேண்டும். இடி மின்னலின் வேகத்தைத் தாங்கும் காப்புக் குழாய்களும், அவ்வேகத்தை மண்ணுக்குக் கொண்டுசெல்லும் எர்த் கம்பியும் இங்கேதான் சேர்கின்றன.

ஐந்தாவது, கண்ணாடி இழை இணைப்புள்ள அலுவலகங்களில் காணப்படும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், நெட்வொர்க் சுவிட்ச் ஆகியவை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பழைய செப்புக் கம்பி, பேச்சை மட்டுமன்றி எக்ஸ்சேஞ்சின் பாட்டரியிலிருந்து மின்சாரத்தையும் கொண்டுவந்தது. ஆகவே ஊரில் விளக்கு அணைந்தாலும் டெலிபோன் பேசிற்று. கண்ணாடி இழையோ ஒளியை மட்டும் கொண்டுவருகிறது, மின்சாரத்தைக் கொண்டுவருவதில்லை. அலுவலகத்தில் மின்சாரம் நின்றால் ஃபைபர் பெட்டியும் நின்றுவிடும். "மின்சாரம் போனாலும் டெலிபோன் இருக்குமே" என்ற பழைய நம்பிக்கை, கண்ணாடி இழை வந்த அலுவலகங்களில் செல்லாது. அங்கே ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் யூ.பி.எஸ். இணைப்புக் கொடுத்தல் வேண்டும்.

திடீரென்று நிறுத்துவதால் வரும் தீங்கு

செருகியைப் பிடுங்கினால் யந்திரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் மூன்று தீங்குகள் நேரக்கூடும்.

ஒன்று, பேசிக்கொண்டிருப்பவரின் பேச்சு அறுந்துபோகும். சாதாரணப் பேச்சாயின் மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். தறிக்கூடத்தில் ஒருவர் மயங்கி விழுந்து, 108-க்கு அழைத்துக்கொண்டிருக்கும் நேரமாயிருந்தால் என்ன செய்வது?

இரண்டு, நினைவு கெடும். சில யந்திரங்களில், நாம் செய்த மாற்றங்களைச் சேமிக்கும் கட்டளை கொடுத்தாலன்றி அவை நிலையாகப் பதிவதில்லை. கம்ப்யூட்டர் வகையைச் சேர்ந்த புதிய யந்திரங்களில் எந்நேரமும் ஏதேனும் எழுதப்பட்டுக்கொண்டேயிருக்கும். எழுதும்பொழுது மின்சாரம் அறுந்தால் அந்தப் பதிவு சிதைந்து, யந்திரம் மறுபடி எழாமலே போகலாம். கணக்கெழுதுபவரின் கையிலிருந்து பேரேட்டைப் பிடுங்குவதற்கு இது ஒப்பாகும்.

மூன்று, மின்சாரம் திரும்பும்பொழுது ஏறியும் இறங்கியும் வரலாம். விவசாயியின் ஸ்டார்ட்டர் மின்சாரம் போனதும் தானே விழுந்துவிடுவதால், கை வைத்து அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. டெலிபோன் யந்திரத்தில் பெரும்பாலும் அத்தகைய அமைப்பு இல்லை. மின்சாரம் வந்த கணமே அது எழ முயலும். முதல் அதிர்ச்சியும் அதன் தலையில்தான் விழும். ஸ்டார்ட்டர் அங்கே செய்யும் வேலையை இங்கே சிப்பந்தி தம் கையால் செய்ய வேண்டும்.

நிறுத்துமுன் செய்ய வேண்டியவை

மின்நிறுத்த அறிவிப்பு வந்தவுடனே இவ்வேலைகளைத் தொடங்குதல் நன்று.

1. எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை டெலிபோன் இயங்காது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதுக. அந்த நேரத்தில் அழைக்க வேண்டிய செல்போன் எண்ணையும் அதில் குறிப்பிடுக. வெளி எண்ணுக்கு வரும் அழைப்புகளை அந்தச் செல்போனுக்குத் திருப்பும் வசதி இருப்பின் அதைப் பயன்படுத்துக.

2. யந்திரத்தின் ஏற்பாடுகளைச் சேமித்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்துத் தேதியிட்டு வைக்குக. பிரதியை யந்திரத்தின் பக்கத்திலேயே வைக்காமல், காரியதரிசியின் அலமாரியில் வைத்தல் நலம்.

3. உள் எண்களின் பட்டியலைக் காகிதத்திலும் எழுதி வைக்குக. பென் டிரைவ் கெடலாம், காகிதம் பேசும்.

4. வயர்ப் பெட்டியையும் செருகிகளையும் படம் எடுத்துக்கொள்க. ஒவ்வொரு கம்பியிலும் சீட்டு ஒட்டுக.

5. டெலிபோன் இணைப்பை நம்பியிருக்கும் வேறு கருவிகள் உளவா என்று பார்க்குக. கிடங்கின் அபாய மணியோ கார்டு தேய்க்கும் கருவியோ அதே இணைப்பில் இருக்கலாம்.

நிறுத்தும் முறை

முதலில், ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்க. புதிய வகை யந்திரங்கள் சிலவற்றில், புதிய அழைப்பை ஏற்காமல், நடந்துகொண்டிருக்கும் பேச்சு முடிந்தபின் நிற்குமாறு கட்டளையிட முடியும். கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு, உள்ளே நிற்பவர்களுக்குப் பண்டம் கொடுத்து அனுப்பும் நாகரிகம் இது. இருக்கும் இடத்தில் அதையே கையாளுக.

கம்ப்யூட்டர் வகை யந்திரமாயின், அதன் நிர்வாகப் பக்கத்திலிருந்து நிறுத்தும் கட்டளையைக் கொடுத்து, அது முற்றும் அடங்கும் வரை காத்திருக்குக. அதன் பிறகே சுவிட்சில் கை வைக்கலாம்.

அடுத்து, பாட்டரியின் சுவிட்சை அணைக்குக, அல்லது அதன் பியூஸை எடுக்குக. அதன் பிறகு சுவர்ச் சுவிட்சை அணைத்துச் செருகியை எடுக்குக. பலர் சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, யந்திரம் நின்றுவிட்டது என்று எண்ணுகின்றனர். நிற்கவில்லை, பாட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் மூடியைத் திறந்து அட்டையை இழுத்தால் அட்டை எரிந்துபோகலாம்; கைக்கும் ஆபத்து.

கண்ணாடி இழை இணைப்புள்ள இடத்தில், டெலிபோன் யந்திரத்துக்குப் பின் நெட்வொர்க் சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி, யூ.பி.எஸ். என்னும் வரிசையில் அணைத்து வருக. உள்ளேயிருந்து வெளியே செல்வது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எர்த் கம்பியைத் தொட வேண்டாம். யந்திரத்தையே இடம் மாற்றுவதானால், மற்ற எல்லாக் கம்பிகளையும் எடுத்த பிறகு இறுதியில் எர்த் கம்பியை எடுக்குக. மீண்டும் மாட்டும்பொழுது அதையே முதலில் மாட்டுக.

யந்திரத்துடன் வந்த கையேடு வேறு வரிசை கூறுமாயின், கையேட்டின் வரிசையே கொள்ளத்தக்கது.

நின்றிருக்கும் வேளையில்

யந்திரம் அணைந்திருந்தாலும் செப்புக் கம்பி வழியே எக்ஸ்சேஞ்சின் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒருவர் அழைத்தால், மணியடிக்கும் மின்சாரம் 75 வோல்ட்டையும் தாண்டக்கூடும். ஆகவே வயர்ப் பெட்டியில் வெறுங்கையை வைத்தலாகாது. இடி மின்னல் வேளையில் அதன் அருகே செல்வதே கூடாது. வெளிக்கம்பிகளைக் கழற்றி வைப்பதானால் வானம் கறுக்குமுன் செய்தல் வேண்டும்.

மூடியைத் திறப்பதற்கு முன் சில நிமிஷங்கள் காத்திருக்குக. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய நேரம் வேண்டும். மூடிக்குள் தூசி படிந்திருந்தால் உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டுக. ஈரத் துணி ஆகாது. பல்லியும் எறும்பும் வெப்பத்தை நாடி இப்பெட்டிகளுக்குள் புகுவதுண்டு. புகும் துளைகளைக் கண்டு அடைக்குக. நைலான், பாலியெஸ்டர் போன்ற துணிகள் உராய்ந்து உண்டாக்கும் மின்சாரம், வறண்ட நாட்களில் நூலை ஒட்டவும் விலகவும் செய்வதை நெசவாளர்கள் அறிவர். கைக்குத் தெரியாத அந்தச் சிறு பொறியே ஓர் அட்டையைக் கெடுத்துவிடும். எனவே அட்டையைத் தொடுமுன், எர்த் இணைப்புள்ள உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொள்க. இவ்வேலைக்குப் பருத்தி உடையே ஏற்றது.

பாட்டரியையும் பார்த்துக்கொள்க. வயிறு புடைத்திருந்தாலும், முனைகளில் பூத்திருந்தாலும் அது மாற்றத்தக்கது. சார்ஜ் ஏறும்பொழுது பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். ஆதலின் அருகே நெருப்பு ஆகாது, காற்றோட்டமும் வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டே கை வைக்குக. வெப்பம் பாட்டரியின் பகைவன். சுமார் 10 டிகிரி வெப்பம் கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும். மேற்கு வெயில் படும் சுவரின் ஓரத்தில் பாட்டரியை வைத்திருக்கும் சங்கங்கள் அதை உடனே இடம் மாற்றுதல் வேண்டும்.

மீண்டும் இயக்கும் முறை

மின்சாரம் வந்தவுடன் ஓடிச் சென்று சுவிட்சைப் போட வேண்டாம். ஐந்து நிமிஷம் பொறுத்திருந்து, வோல்ட் நிலையாக இருப்பதைப் பார்க்குக. அவ்வப்பொழுது பழுது நீங்குவதற்காக அணைத்துப் போடும்பொழுதும், அணைத்தற்கும் போடுதற்கும் இடையே ஒரு நிமிஷமேனும் விடுதல் வேண்டும்.

இப்பொழுது வெளியேயிருந்து உள்ளே வருக. முதலில் யூ.பி.எஸ்.; அடுத்து ஃபைபர் பெட்டி. அதன் விளக்குகள் நிலைத்து எரிந்தபின் ரவுட்டர். அதன்பின் நெட்வொர்க் சுவிட்ச். அதன்பின் டெலிபோன் யந்திரம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நெட்வொர்க் வழி இயங்கும் டெலிபோன்கள் பெரும்பாலும் எழுந்தவுடனே தமக்குரிய முகவரியை ரவுட்டரிடம் கேட்கின்றன. ரவுட்டர் உறங்கிக்கொண்டிருந்தால் அவை முகவரியின்றி நிற்கும். யந்திரமும் பலவிடங்களில் சரியான நேரத்தை இன்டர்நெட் வழியாகவே அறிந்துகொள்கிறது. இணைப்பு வருமுன் அது எழுந்தால் தவறான கடிகாரத்தோடு எழும்.

சுவர்ச் சுவிட்சைப் போட்டு, யந்திரம் எழுந்தபின் பாட்டரியை இணைக்குக. சில யந்திரங்கள் ஒரு நிமிஷத்தில் எழும்; சில ஐந்து நிமிஷமும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். இடையே பொறுமையிழந்து மறுபடி அணைத்தல், அரைகுறையாக எழுந்தவனைப் பிடித்துத் தள்ளுவதாகும்.

சோதித்துப் பார்த்தல்

டெலிபோனில் ஒலி கேட்பது மட்டும் சோதனையாகாது. மேலே கூறிய சங்கத்திலும் ஒலி கேட்கத்தான் செய்தது. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும்.

1. யந்திரத்தின் தேதியும் நேரமும் சரியா?

2. நூல் கிடங்கு, தறிக்கூடம், கணக்குப் பிரிவு, விளைபொருள் கிடங்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அழைத்தால் மணி அடிக்கிறதா?

3. வெளியே அழைக்க முடிகிறதா?

4. வெளியிலிருந்து செல்போனில் சங்கத்தின் ஒவ்வோர் எண்ணையும் அழைத்தால், அங்கத்தினரின் காதில் விழுவது என்ன? இச்சோதனையே யாவற்றிலும் முக்கியமானது. நமக்கு நம் டெலிபோன் கேட்பது வேறு. அங்கத்தினருக்குக் கேட்பது வேறு.

5. வெளிநாட்டு அழைப்புகளுக்கு இட்ட பூட்டும், நிர்வாகச் சங்கேதச் சொல்லும் மாறாமல் இருக்கின்றனவா? யந்திரம் நினைவிழந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பினால், யாவரும் அறிந்த ஆரம்பச் சங்கேதச் சொல்லே திரும்பவும் வந்துவிடலாம். அவ்வழியே புகுந்து பிறர் செலவில் வெளிநாட்டுக்குப் பேசும் மோசடிக்காரர்கள் உண்டு. பில் சங்கத்தின் பெயரில்தான் வரும்.

6. மின்சாரம் இல்லாத நேரத்தில் வெளிக்கம்பியை ஒரு டெலிபோனுக்கு நேரே இணைத்துவிடும் அமைப்பு, செப்புக் கம்பியுள்ள பல யந்திரங்களில் உண்டு. அந்தத் தனி டெலிபோன் எது என்று அனைவரும் அறிவரா? மின்சாரம் வேண்டாத சாதாரணக் கம்பி டெலிபோனாக அது இருத்தல் வேண்டும்.

அவசர எண்களாகிய 112, 108 ஆகியவற்றைச் சோதனைக்காக அழைத்தலாகாது. ஆனால் அவற்றுக்கு முன் 0 அல்லது 9 அழுத்த வேண்டுமா என்பதைப் பராமரிப்பவரிடம் கேட்டறிந்து, ஒவ்வொரு டெலிபோனின் அருகிலும் எழுதி ஒட்டுக.

சங்கத்தின் கடமை

எத்தனையோ அலுவலகங்களில் இந்த யந்திரத்தை அறிந்தவர் ஒருவரே. அவர் விடுமுறையில் சென்ற நாளில் மின்சாரமும் போகிறது. ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவு சங்கத்தின் சொத்தாகாது; அது பலருடைய கைக்கு வர வேண்டும். ஆகவே சிப்பந்திகளில் இருவரேனும் இம்முறையைப் பழகியிருத்தல் வேண்டும். நிறுத்தும் வரிசையும் இயக்கும் வரிசையும் பெரிய எழுத்தில் யந்திரத்தின் அருகே தொங்க வேண்டும். சங்கேதச் சொல் மூடி முத்திரையிட்ட உறையில் காரியதரிசியிடம் இருக்க வேண்டும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் நிறுத்தினார், யார் இயக்கினார், பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கிற்று என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருதல் வேண்டும். பாட்டரி தாங்கும் நேரம் மாதத்துக்கு மாதம் குறைந்து வருவது அந்த நோட்டில் தெரிந்துவிடும். அது முற்றும் கைவிடுமுன் புதியது வாங்கலாம்.

மாதாந்திர மின்நிறுத்த நாளைத் தொந்தரவு என்று எண்ணாமல், பயிற்சி நாளாகக் கொள்ளலாம். அன்று ஒரு சிப்பந்தி தாளைப் பார்த்துப் படிக்க, மற்றொருவர் செய்யட்டும். அடுத்த முறை மாற்றிக்கொள்ளட்டும். அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாத குறையால்தான், மேலே கூறிய சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் பேருந்துக் கட்டணம் கொடுத்து வந்து, தம் சங்கம் திறந்திருக்கிறதா என்று பார்க்க நேர்ந்தது.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. சுவர்ச் சுவிட்சை அணைத்த பிறகும் யந்திரம் இயங்குவது ஏன்?

2. செப்புக் கம்பிக்கும் கண்ணாடி இழைக்கும் மின்சாரம் பற்றிய வேறுபாடு யாது? நம் அலுவலகத்தில் இருப்பது எது?

3. இன்று மாலை நம் சங்கத்தின் எண்ணை வெளியிலிருந்து அழைத்துப் பார்க்குக. கேட்டது என்ன? அடுத்த கூட்டத்தில் கூறுக.